'வா'வும் 'வாங்க'வும்

"என்னை 'நீங்க'ன்னு கூப்ட்டாரு. அப்பவே தெரிஞ்சி போச்சி, இன்னிக்கும் வேலை ஆவாதுன்னு."

தாமல் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த அம்மா இப்படிச் சொன்னதும் நான் போனைக் கீழே வைத்தேன். இறந்துபோன கணவரின் நிலத்துக்குத் தன் பேரில் பட்டா மாற்ற, காஞ்சிபுரம் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார் என்பது கேட்கக் கேட்கப் புரிந்தது.

"யாருக்கா, அந்த கிளார்க்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அவருதான். பட்டுக்கடைக்காரர் வந்தா 'வாங்க, உக்காருங்க'. என்னைப் பாத்தா 'இன்னாமா, சும்மா சும்மா வந்துக்கினு இருக்கிற? அப்பால வா'. எத்தினி நாளைக்குப் பொறுக்கறது? இன்னிக்குக் கேட்டுட்டேன். 'எல்லாரும் சமம்னு செவுத்துல எழுதி வெச்சிருக்கீங்களே சார், அவருக்கு நீங்க, எனக்கு மட்டும் நீயா?'ன்னு."

"ஐயோ! பெரிய ஆபீசர் இருந்தாரா?"

"ரூமுல இருந்து எட்டிப் பாத்தாரு. கிளார்க்குக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சி. தானே எழுந்து வந்து சேர் போட்டாரு."

"அட! அப்புறம்?"

"'உக்காருங்கம்மா'ன்னாரு. உக்காந்தேன். பட்டுக்கடைக்காரர் பேப்பரை வாங்கிக்கினு கெளம்பிட்டாரு. அப்பால கிளார்க்கு என்னைப் பாத்து, 'நீங்க நாளைக்கு வாங்கம்மா'ன்னாரு."

பக்கத்தில் இருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"நாளைக்கும் போவியாக்கா?"

"போவாம? இன்னிக்கு மரியாதையத்தான் கேட்டேன், குடுத்துட்டாரு. நாளைக்குப் பட்டாவைக் கேக்கறேன்."