தூக்கத்தின் தம்பி

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய மதிய ரயிலில், ஷிப்டு முடிந்த இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மடியில் இங்கிலீஷ் வார்த்தைப் புத்தகம். மூத்தவள் ஏறியதிலிருந்து போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“அக்கா, ஹிப்னாடிசம்னு சொல்றாங்களே, அது கிரேக்க சாமி பேர்ல இருந்து வந்துச்சாம். ஹிப்னாஸ், தூக்கத்துக்கு சாமி. அவருக்கு ரெட்டையாப் பொறந்த தம்பி யாரு தெரியுமா? சாவு.”

“அந்த புக்க மூடுடி!”

“இன்னாக்கா ஆச்சு?”

“தகடு அமுக்குற பிரஸ் மெஷின்ல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் அச்சு எறங்கும்ல? வேகமா ஓட்ட, ஒரு பட்டனை அமுக்கினாப்பலயே டேப் ஒட்டிக்கினேன்.”

“எல்லாரும் பண்றதுதான். கெளம்பறப்ப பிச்சிடுவோமே.”

“இன்னிக்கு மறந்துட்டேன். இப்ப ஒரு கை உள்ள இருந்தாலும் எறங்கிடும்.”

“சூப்பர்வைசருக்குச் சொல்லுக்கா.”

“அவருக்குத்தான் அடிக்கிறேன், எடுக்க மாட்டேன்றாரு. அந்த மெஷின்ல இப்ப நிக்கிறது என் தங்கச்சிடி, அவ போனு லாக்கர்ல கெடக்குது. கொழந்தைக்கு ஜுரம்னு, ராத்திரி பூரா கண்ணு மூடாம வந்திருக்கா.”