ஆ, ரப்பர்

எனக்கு வெந்நீர் போதும். டீ குடித்தால் குரல் தடித்துவிடும், தடித்த குரலில் கேட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நீங்கள் வந்த காரியம் எனக்குத் தெரியும். லாரி மெக்கானிக்கின் மகள் இரண்டு முறை தோற்றுவிட்டு, மூன்றாம் முறை இந்தத் தேர்வு மையத்திலேயே முதலாவதாக வந்துவிட்டாள். ஏதோ தில்லுமுல்லு என்று உங்கள் தேர்வுத் துறை அவள் முடிவை நிறுத்திவைத்திருக்கிறது. தோற்ற இரண்டு முறையும் அவளுக்குக் கேள்வித்தாளை வாசித்துக் காட்டியவன் நான். ஆகவே, "மேற்படி மாணவி மந்தபுத்தி உடையவர், தாமாக இம்மதிப்பெண் பெற வாய்ப்பில்லை" என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நீங்கள் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வாக்கியத்தைக்கூட நீங்களே எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். எனக்கு வேலை மிச்சம்.

ஆனால் அதில் நான் கையெழுத்துப் போடுவதற்கில்லை. ஏன் என்று கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள், அதற்கு என் வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

நான் இந்தப் பள்ளியின் அலுவலக எழுத்தர். நல்ல குரல்வளம் உள்ளவன். இதை நானே சொல்லவேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொன்னதில்லை. வீட்டில் நான் வாயைத் திறந்தால் மனைவி மிக்ஸியைப் போடுவாள். அரைக்க ஒன்றும் இல்லாத நாளில் வெறும் மிக்ஸியைப் போடுவாள். மகன் ஒரு காதிலிருந்து மட்டும் எதையோ உருவிவிட்டு, "அப்பா, மேட்டருக்கு வாங்க" என்பான். ஆண்டு விழாவில் நன்றியுரை எப்போதும் எனக்குத்தான். நான் மைக்கைப் பிடிக்கும்போது எதிரில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். நாற்காலிகளுக்கு நன்றி சொல்லியே பாதி வயது போய்விட்டது.

அப்போதுதான் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எழுத்துகள் கண்ணில் நிலையாக நிற்காத பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்குத் தனி அறையில் ஒருவர் கேள்விகளை வாசித்துக் காட்டலாம் என்று. "வாசிப்பவர் ஏற்ற இறக்கமற்ற, உணர்ச்சி கலவாத, நடுநிலையான குரலில் வாசித்தல் வேண்டும்." இப்படிப்பட்ட குரலில் பேச அந்தச் சுற்றறிக்கையை எழுதியவரால் மட்டுமே முடியும், அதுவும் சம்பள நாளன்று அவராலும் முடியாது. "யாராவது சும்மா இருக்கீங்களா?" என்று கேட்டார் தலைமையாசிரியர். என் கை தானாக மேலே போனது.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் சாமான் போடும் அறை. ஒரு மேசை, உடைந்த உலக உருண்டை, மூலையில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு. மிக்ஸி கிடையாது. எதிரில் அந்தப் பெண், கையில் கிரீஸ் வாடையோடு, கண்ணை மூடிக்கொண்டு, என் ஒவ்வொரு சொல்லையும் விழுங்குவதற்குத் தயாராக. நான் வாசிக்கும்போது குறுக்கே பேச அவளுக்கு அனுமதியில்லை. விதிப்படி அவள் என்னிடம் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை "மறுபடி". அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். யோசித்துப் பாருங்கள், பெரிய பெரிய பாடகர்களெல்லாம் ஒரு ஒன்ஸ்மோருக்காக ஏங்கிக் கிடக்கிறார்கள். எனக்கு அரசாங்கமே சட்டம் போட்டு ஒன்ஸ்மோர் வாங்கிக் கொடுத்தது. முதல் "மறுபடி" காதில் விழுந்தபோது எனக்குக் கால் தரையில் இல்லை. எலும்புக்கூடு தலையாட்டியதுபோல்கூடத் தோன்றியது.

முதல் தடவை நடந்தது தற்செயல். அதற்கு நான் பெருமை கொண்டாட மாட்டேன்.

மின்சாரத்தைக் கடத்தும் பொருள் எது என்று ஒரு கேள்வி. அ, மரம். ஆ, ரப்பர். இ, செம்பு. ஈ, கண்ணாடி. விடைகளுக்கு இப்படி அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. ஒன்று, இரண்டு என்று வைத்திருந்தால் நானும் யோக்கியனாகவே ஓய்வு பெற்றிருப்பேன். "ஆ" என்பதை உணர்ச்சி இல்லாமல் சொல்லிப் பாருங்கள். பல் டாக்டரிடம் மட்டும்தான் முடியும். என் வாயில் அது, இருட்டு அரங்கில் திரை விலகியதும் எழும் "ஆ"வாக வந்தது. அடுத்த "இ" செருப்புக்காலால் எதையோ மிதித்துவிட்டவனுடைய "இ". "ஈ" சொல்லும்போது கையால் வேறு விரட்டினேன்.

"மறுபடி" என்றாள். மறுபடியும் திரையை விலக்கினேன். அவள் ரப்பருக்கு வட்டம் போட்டாள். அவள் வளர்ந்த பட்டறையில் செம்புக் கம்பி கொடிபோல் தொங்குகிறது. இருந்தாலும் ரப்பர்.

முடிவு வந்த அன்று அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"எல்லாம் தெரிஞ்சதுதான் சார். வட்டம் போடுற நேரத்துல மனசு மாறிடுது. நான் சரியான மக்கு சார்."

"சேச்சே, அப்படியெல்லாம் சொல்லாதேம்மா. அடுத்த தடவை பார்த்துக்கலாம். நான் இருக்கேன்ல?"

அடுத்த தடவை. என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல் என் காதில் தேனாகப் பாய்ந்தது. தேறியவர்கள் யாரும் திரும்பி வந்து "மறுபடி" சொல்வதில்லை என்பது அந்த ஜன்னலோரம்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே இரண்டாம் முறை தெரிந்தே செய்தேன். இதை, உங்களோடு வந்திருக்கும் தட்டச்சர் அம்மா தனிப் பத்தியாகத் தட்டச்சு செய்யட்டும்.

கையை ஆட்டுவது, கண்ணைச் சுருக்குவது போன்ற மட்டமான உத்தியெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. தேவையும் இல்லை. லாரி ஸ்டார்ட் ஆனால், இவள் பட்டறைக்குள் உட்கார்ந்தபடியே "மூணாவது இன்ஜெக்டர்பா" என்பாளாம், திறந்து பார்த்தால் கோளாறு அதில்தான் இருக்குமாம். எழுத்தை நம்பமுடியாத பிள்ளை காதை நம்பித்தான் வாழ்கிறது. சரியான விடைக்கு முன்னால் கடுகளவு தயக்கம். தவறான விடையில் ஒரு துளி வெதுவெதுப்பு. உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமே கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. அந்தக் காதுதான் எனக்குக் கைப்பிடி. வேறு எந்தப் பிள்ளையிடமும் இது பலித்திருக்காது. அந்தப் பாராட்டு அவளையே சேரும்.

மறுபடியும் தோற்றாள். அவள் அப்பா என்னைத் தேடி வந்தார். "பொண்ணால உங்களுக்கு எவ்வளவு சிரமம் சார்" என்று கண் கலங்கி, என் ஸ்கூட்டரைக் கொண்டுபோய்ப் பிரித்து மாட்டிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். இன்றைக்கும் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் படிப்பில் சேரவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு இந்தத் தேர்வில் தேறவேண்டும். மூன்று வாய்ப்புதான். அதிலும் போனால் கதவு சாத்தியாயிற்று, காலம் முழுக்க அப்பாவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கும் மனசு கேட்கவில்லை. அவளுடைய கடைசி வாய்ப்பு என்றால் எனக்கும் அதுதானே கடைசி நிகழ்ச்சி.

அதனால்தான் ஒத்திகையைக் கொஞ்சம் அதிகமாக்கிவிட்டேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆ, ஆ, ஆ என்று விதவிதமாகப் போட்டுப் பார்த்தேன். "ஏங்க, வயித்துவலியா?" என்று வெளியே நின்று கேட்டாள் மனைவி. தேர்வன்று காலை எழுந்தால் தொண்டையிலிருந்து காற்றுதான் வருகிறது. "இப்பத்தான் வீடு வீடு மாதிரி இருக்கு" என்று அவள் மிக்ஸியைத் துடைத்து மேலே எடுத்து வைத்தாள்.

என் இடத்தில் கணினியை வைத்தார்கள். நான் வாசலில் நின்று கேட்டேன். அதுவும் ஒரு வாசிப்பா? கி.மீ. என்பதை "கிமி" என்று, ஏதோ நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டது. ஆ என்றது, இ என்றது, எல்லாம் ஒரே மாவில் சுட்டது போல. அவள் ஒரு தடவைகூட "மறுபடி" சொல்லவில்லை. நேரம் முடியுமுன்பே எழுந்து வந்துவிட்டாள். மிச்சக் கதை உங்கள் கோப்பில் இருக்கிறது.

"நீங்க ஏதாவது உதவி பண்ணீங்களா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டீர்கள். ஒரு மதிப்பெண்ணுக்குக்கூட உதவியது கிடையாது. அந்த விஷயத்தில் என் கை சுத்தம்.

இப்போது புரிகிறதா, ஏன் கையெழுத்துப் போட முடியாது என்று? அவள் மக்கு, அதனால் தோற்றாள் என்று நீங்கள் எழுதினால் என் உழைப்பு என்னாவது? எல்லாம் தெரிந்த பெண்ணை, அவள் வாயாலேயே "நான் மக்கு" என்று சொல்லும்படி வெறும் குரலால் இரண்டு முறை தோற்கடித்தவன் நான். அதைத் தூக்கி அவள் மூளைக்குறைவின் தலையில் கட்டுவது அநியாயம். கணினி ஜெயிக்கவைத்தது என்றும் எழுதாதீர்கள். அது எதுவுமே செய்யவில்லை, அதுதான் அதன் லட்சணம். அவளுக்கு எல்லாம் தெரியும், நான்தான் கெடுத்தேன் என்று எழுதுங்கள். முடிவை அவளிடம் கொடுத்துவிடுங்கள், லிஃப்டில் ஏறிப் போகட்டும். எனக்குச் சேரவேண்டியது எனக்கு வந்தால் போதும்.

ஏன், பேனாவை மூடிவிட்டீர்கள்? நாலு மணி பஸ் போயிருக்கும், நிதானமாக உட்காருங்கள். ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது.

நேற்று அவள் வந்தாள். ஜன்னலுக்கு வெளியே நிற்கவில்லை, உள்ளேயே வந்து என் மேசைக்கு எதிரில் நின்றாள். கண்ணை மூடவில்லை.

"மெஷின் வாசிச்சப்பதான் சார் கேள்வி காதுல விழுந்துச்சு. நீங்க வாசிச்சப்ப நீங்க மட்டும்தான் விழுந்தீங்க."

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் என் குரலைப் பற்றி ஒருவர் வாய் திறந்து சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

என்ன, தட்டச்சு செய்த வாக்குமூலத்தை அம்மா எனக்குப் படித்துக் காட்டவேண்டுமா, விதி அப்படியா? பாவம், அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இப்படிக் கொடுங்கள், நானே வாசிக்கிறேன். அந்தக் கதவை மட்டும் சாத்திவிடுங்கள். நடுவில் எங்காவது பிடித்திருந்தால், "மறுபடி" என்று சொன்னால் போதும்.