மேனேஜர் சாயுற பக்கம்

— இடது பக்கம் மட்டும் பட்டை சேக்கணுமா? என்ன தம்பி, ஒத்தக் கால் செருப்பு கேக்குற மாதிரி கேக்குறீங்க!

— அந்தப் பக்கம்தான் பாய் சாயுது.

— பதினஞ்சு வருஷத்துப் பிக்கப். அடியில பாரம் தாங்குற கமான் பட்டை ரெண்டு பக்கமும்தான் படுத்துக் கிடக்கும். பக்கத்துக்கு ரெண்டு பட்டை ஏத்தி, யூ போல்ட்ட புதுசா போட்டு முறுக்கிட்டா யானையே ஏத்தலாம்.

— யானை இல்ல. மாடு.

— அதான் பாத்தேனே. மாட்டோடயே வண்டிய பட்டறைக்குள்ள விட்ட ஆளு இந்த எடமலைப்பட்டி புதூர்லயே நீங்கதான். அதுவும் ரிவர்ஸ்ல, என் டீ கிளாஸ் மேல.

— லைசென்ஸ் வாங்கி மூணு வாரம்தான் ஆவுது.

— நல்லாத் தெரியுது. காளைக்கு என்ன பேரு?

— மேனேஜர்.

— என்னது?

— யாழினி வெச்சது. வேலையும் செய்யாது, மத்தவங்களையும் செய்ய விடாதுன்னு.

— யாழினின்னா வீட்டம்மாவா?

— ம். செத்துட்டா. நாலு மாசம்.

— அல்லாவே! தெரியாம கேட்டுட்டேன் தம்பி. என்ன வயசு உங்களுக்கு... சரி விடுங்க. மேனேஜர் எங்க கிளம்பிட்டாரு?

— மணப்பாறைக்கு. வித்தாச்சு. பன்னெண்டு மணிக்கு மேல வந்தா வேணாம்னு சொல்லிட்டாரு வாங்குறவரு.

— ஏன் விக்குறீங்க?

— அவளத் தேடுது. பாக்க முடியல.

— விக்குற மாட்டுக்குப் புதுப் பட்டை எதுக்குங்க?

— ஆத்துக்கு அந்தப் பக்கம் மேலூர்லேருந்து இங்க வர்றதுக்குள்ளயே ரெண்டு தடவை கவுந்திருப்போம். காவிரிப் பாலத்துல டயர் மட்கார்டுல உரசிப் புகை வந்துச்சு. மணப்பாறை வரைக்கும் தாங்காது.

— நடுவுல நிறுத்திக் கட்ட வேண்டியதுதானே?

— கட்டினேன். கயித்தோட சாயுது.

— வலது பக்கம் வெயிட்டு ஏத்திப் பாத்தீங்களா?

— அஞ்சு மூட்டை தவிடு வெச்சேன்.

— சமமாச்சா?

— தின்னுடுச்சு.

— அஞ்சையுமா!

— ஒண்ணரை. மிச்சத்த மிதிச்சுடுச்சு. அப்புறம் பழையபடி இடது பக்கம் போயிடுச்சு.

— முன்னாடி சீட்டுல ஆள உக்கார வெச்சுப் பாருங்க. துணை இருந்தா அடங்கும்.

— மாமியார உக்கார வெச்சேன். எட்டி அவங்க தலைய மோந்து பாத்துட்டுத் தும்முச்சு. அம்மாமண்டபத்துலயே இறங்கி ஆட்டோ புடிச்சுப் போயிட்டாங்க.

— ஹஹ்ஹா! மன்னிச்சுக்குங்க. சிரிக்கக் கூடாது.

— பரவால்ல. எம் பொண்ணு வாசனை இருந்தா அடங்கும்னு அவங்கதான் சொன்னாங்க. யாழினி புடவைய அந்த ஜன்னல்ல கட்டினேன்.

— அடங்குச்சா?

— முந்தானைய தின்னுடுச்சு.

— பாவம் தம்பி அது. அந்தச் சீட்டு காலியா இருக்குல்ல. அதான் தேடுது.

— காலியாதான் இருக்கு. நீங்க பட்டையப் போடுங்க. நான் எம்.எஸ்சி. பிசிக்ஸ். கணக்கு போட்டுட்டேன். இடது பக்கம் மூணு.

— உங்க கணக்குல மாடு நிக்கும். இங்க அது நிக்கணுமே! மூணு போட்டா, மாட்ட இறக்குனதும் வண்டி வலது பக்கம் சாஞ்சிடும். வர்றப்ப நீங்க கோணிக்கிட்டேதான் வரணும்.

— வர்றப்ப நான் மட்டும்தானே. கோணலா வந்தா என்ன?

— இப்படிப் பேசினா நான் என்னத்த வேலை பாக்குறது? முதல்ல எவ்வளவு இறங்குதுன்னு பாக்கணும். சாவியக் குடுங்க, நான் ஓட்டுறேன். நீங்க இடது பக்கம் ஏறிக்கிட்டு, எட்டி டயரப் பாத்துக்கிட்டே வாங்க.

— சரி.

— கதவ இழுத்துச் சாத்துங்க. கிளம்புறேன்... யப்பா, என்னமா சாயுது! பள்ளம் வருது தம்பி, எதையாவது புடிச்சுக்குங்க!

— பின்னாடி கம்பியப் புடிச்சிட்டேன்.

— உரசுதா?

— ஏய், மேனேஜர்!

— தம்பி! உரசுதான்னு கேட்டேன்.

— இல்ல.

— என்னங்க இது, வண்டி நிமிந்துடுச்சு! மாடு குதிச்சுடுச்சா?

— படுத்துடுச்சு பாய். நடுவுல.

— படுத்துடுச்சா! உங்க கை எங்க?

— அது வாயில.

— மாஷா அல்லா! பட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்படியே நானே மணப்பாறைக்கு ஓட்டிட்டு வரேன், பன்னெண்டுக்குள்ள போயிடலாம். பாருங்களேன், உங்க கைய வீட்டம்மா கைன்னு நினைச்சுக்கிச்சு. அவங்க இந்தச் சீட்டுல உக்காந்து தடவிக்கிட்டே வந்திருப்பாங்க...

— இல்ல பாய்.

— பின்ன?

— வண்டி யாழினிதான் ஓட்டுவா. இது என் சீட்டு.