அவளுக்கு நான் கொடுத்த சுருதி

ஆர்கன் வாசிப்பவனுக்கு முதலில் கெட்டுப்போவது காது என்று நினைக்கிறார்கள். இல்லை, முதுகு. சாய இடமில்லாத பெஞ்சில் உட்கார்ந்து, கைகளால் மேலேயும் கால்களால் கீழேயும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாருங்கள், தெரியும். ஆலயத்தின் ஆண்டு மலருக்காக என் அனுபவங்களையும் கருத்துகளையும் கேட்டு வந்திருக்கிறீர்கள். முதுகைப் பற்றி எழுதிக்கொள்ளுங்கள். மீதியை நீங்கள் எப்படியும் அச்சில் போடப்போவதில்லை.

சபையாரும் என் முதுகைத்தான் அறிவார்கள். கல்யாணமானாலும் அடக்கமானாலும் அவர்களுக்கு நான் ஒரு முதுகு, அவ்வளவுதான். அவர்களை நான் பார்ப்பதற்கு ஆர்கன் மேல் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது. போதகர் எழுந்துவிட்டாரா, மணப்பெண் வாசலுக்கு வந்தாளா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். நன்றாக வாசித்தால் யாருக்கும் நினைவிருக்காது. ஒரு விரல் தவறினால், வாசலில் குடையைத் தேடும்போதுகூட அதைத்தான் பேசுவார்கள். இதை என் கருத்து என்று போடலாம்.

என் மனைவி பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாள். திருவிருந்து நேரத்தில் அவள் தனியாக ஒரு பாட்டுப் பாடுவாள். நீங்கள் கேட்டிருக்க முடியாது, அப்போது நீங்கள் இந்தச் சபைக்கு வரவில்லை. பாட்டின் கடைசி அடியில் மேலே ஒரு இடம் வரும். அங்கே அவள் குரல் போய் நிற்கும்போது, இருமிக்கொண்டிருந்த கிழவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள். ஆராதனை முடிந்ததும் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். கடைசி ஆள் வெளியே போகும்வரை நான் வாசிப்பை நிறுத்தக் கூடாது என்பது வழக்கம். ஆகவே அவளை அவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதற்கும் நான்தான் பின்னணி வாசித்தேன்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவளுக்குச் சுருதி தானாக வராது. எடுத்துக் கொடுத்துவிட்டால் இம்மி பிசகாமல் பாடுவாள், எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஆலயத்தில் ஆர்கன் கொடுக்கும். வீட்டில் நான்தான் வாயால் முனகிக் காட்டுவேன். சமையலறையிலிருந்து, "என்னங்க, சுருதி குடுங்க" என்பாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கொடுப்பேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்குப் பிடித்த விஷயம் அதுதான்.

ஒருநாள் நகரத்துப் பெரிய ஆலயத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஞாயிறுதோறும் தனிப்பாட்டு.

"வாசிக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

"அவங்ககிட்ட ஆள் இருக்காராம். நீங்க நிம்மதியா முன்னாடி உட்கார்ந்து கேளுங்க. எத்தனை வருஷமா முதுகு வலி, முதுகு வலின்னு சொல்றீங்க" என்றாள்.

அதில் துளிக்கூடக் கேலி இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். அக்கறையாகச் சொன்னாள். நான் வாசிப்பதை விட்டுவிடுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பதற்கில்லை.

எங்கள் ஆர்கன் மின்சாரத்தில் இயங்குவது. என் முழங்காலுக்கு மேலே, யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சிறிய குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் விரல்கள் வழக்கமான இடங்களிலேயே ஓடும், சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். தொண்டை கட்டியவர்களுக்காகச் செய்துவைத்த வசதி. அந்த வாரம் அவள் பாட்டுக்கு மட்டும் அரைக் கட்டை ஏற்றினேன். பாட்டு முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அரைக் கட்டையால் யாரும் செத்துப்போவதில்லை.

அவள் பாடிவிட்டாள். ஆனால் கண்ணாடியில் அவள் கழுத்து நரம்பு தெரிந்தது. வீட்டுக்கு வந்து, சளி பிடித்திருக்கும் போலிருக்கிறது என்றாள். பச்சைத் தண்ணீரை நிறுத்தினாள். தினமும் காலையில் உப்புப் போட்டு வெந்நீர் வைத்து, கொப்பளிக்கக் கொடுத்தேன். அதில் நான் ஒரு நாள்கூடத் தவறவில்லை. வீட்டில் முனகிக் கொடுத்த சுருதியையும் அதே அளவு ஏற்றிக்கொண்டேன், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாதல்லவா. அவளுக்கு அது பழகத் தொடங்கியபோது இன்னொரு அரைக் கட்டை ஏற்றினேன். பிறகு இன்னொன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேலிடத்தில் அவள் குரல் உடைந்தது. நான் உடனே ஒலியைக் கூட்டி அதை மூடினேன். முடிந்ததும் போதகர் நேராக என்னிடம் வந்தார். "நல்லவேளை, நீங்க சமாளிச்சீங்க" என்று என் கையைப் பிடித்தார். அத்தனை வருடங்களில் அவர் என்னிடம் வாசிப்பைப் பற்றிப் பேசியது அன்றுதான். அவள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். அவள் கையை யாரும் குலுக்கவில்லை.

பெரிய ஆலயத்துக்கு, இப்போது வர இயலாது என்று அவளே சொல்லிவிட்டாள். அத்துடன் நான் குமிழை இறக்கியிருக்கலாம். இறக்கினால் அடுத்த வாரமே குரல் திரும்பிவிடும், அவர்களும் திரும்பக் கூப்பிடுவார்கள்.

தொண்டை மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். "சின்னதா ஒரு முடிச்சு இருக்கு. பலருக்கும் இருக்கும், அதால ஒண்ணும் ஆகாது. பாட வரலைன்னு சொல்றதால ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பார்க்கலாம். குரல் போயிடவும் வாய்ப்பிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். வரும் வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் தொண்டை, உன் இஷ்டம்மா" என்றேன். அவள் விருப்பத்துக்கு நான் ஒருபோதும் குறுக்கே நின்றதில்லை.

மருத்துவமனையில் அவளுக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டிருந்தார்கள். தள்ளுவண்டி வருவதற்காகக் காத்திருந்தோம். அவள் தலையை முடிந்துகொண்டே சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை சுருதி குடுங்க. பாடிப் பார்க்கிறேன். வந்துடுச்சுன்னா எழுந்து வீட்டுக்குப் போயிடலாம்."

அங்கே ஆர்கன் இல்லை, குமிழும் இல்லை. சரியான சுருதி எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கட்டை ஏற்றி முனகினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். பாதியிலேயே குரல் பிளந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பரவாயில்ல, நல்லதுக்குத்தான் வந்திருக்கோம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

மருத்துவர் எச்சரித்தபடியே ஆயிற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது அவளுக்கு இருப்பது காற்றும் கொஞ்சம் கரகரப்பும். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால் பேசுவது புரியும். காதைக் கொடுப்பவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தின் தாளைத் திருப்பிவிடுகிறாள். எங்களைப் பார்த்துச் சபையில் பெண்கள் கண் கலங்குகிறார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்கிறார்கள்.

போன மாதம் குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அதே பாட்டு. குமிழை நான் தொடவில்லை, என் மனைவி முன்பெல்லாம் பாடிய அதே சுருதிதான். அந்தப் பெண்ணின் குரல் மேலே போய் நின்றது, இருமல் அடங்கியது. என் பக்கத்தில், தாளைத் திருப்ப வேண்டிய கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் உதடுகள் அந்தப் பெண்ணோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து என் மனைவி பாட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு லேசா வருது. அது நம்ம பழைய சுருதியாங்க?"

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் மனம் வரவில்லை.

"இல்லம்மா. அவளுக்காக ரொம்ப இறக்கி வெச்சிருக்கேன். உன் சுருதிக்கு அவளால எட்டவே முடியாது."

அவள் முகம் மலர்ந்தது. அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டாள். அன்று அவள் என் தோளில் தலை வைத்து நிம்மதியாகத் தூங்கினாள். ஒரு பெண்டாட்டியைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள ஒருவன் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.