என் பெயரில் காப்பீடு, டாம்சின் கையில் ஸ்விஃப்ட்

என் பெயர் ராலண்ட் ஹெப்வொர்த், வயது 58. பார்ன்ஸ்லி, மில் லேன், 14ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறேன். இந்த வட்டாரத்தில் என்னைக் கேட்காமல் யாரும் கார் வாங்குவதில்லை. இதில் வரும் டாம்சின் மெட்கால்ஃப், வயது 19, என் தங்கை மகள். கார்த் அவளுடைய தகப்பன்; எனக்கும் அவனுக்கும் பத்து வருடமாக ஒத்துப்போகாது.

டாம்சின் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி மருந்து கொடுக்கும் வேலை பார்க்கிறாள். கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. சென்ற மார்ச்சில் அவளுடைய பழைய கார் படுத்துவிட்டது. சின்னதாக, விலை குறைவாக, ஆனால் சீறிப் போகிற கார் வேண்டும் என்றாள். அதன்பின் நான் அவளை மூன்று கார்கள் பார்க்கக் கூட்டிப்போனேன். ஃபியஸ்டா எஸ்டி வளைவில் சாலையைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் இருநூறு குதிரைத்திறன் என்றதும் அவள் வயதுக்குக் காப்பீட்டுக்காரர்கள் கேட்ட தொகையில் இன்னொரு கார் வாங்கலாம். அப் ஜிடிஐ என்ற கார் பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும், காப்பீடும் கட்டுப்படியாகும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒரு டன் எடைகூட இல்லை. அதை நான் மலைச்சாலையில் விரட்டியபோது ஆடு மேய்த்தவன் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தான். டாம்சின் அந்த அப் காரே போதும் என்றாள். ஸ்விஃப்டை வாங்க வைத்தவன் நான்.

அதற்கான காப்பீடு அவளுக்கு எட்டவில்லை. அதன்பின், வழக்கமாக ஓட்டுகிறவன் நான், எப்போதாவது ஓட்டுகிறவள் அவள் என்று கணினியில் படிவத்தை நானே நிரப்பினேன். தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. அவள், "இது சட்டப்படி சரிதானா மாமா?" என்று கேட்டாள். காப்பீட்டு அலுவலகத்தில் எனக்கு இருபது வருட நண்பர் இருக்கிறார், அவரே சரி என்றுவிட்டார் என்றேன். அப்படி ஒரு நண்பர் எனக்குக் கிடையாது. நான் யாரையும் கேட்கவில்லை. அவள் நம்பினாள்.

அதன்பின் ஜூன் இரண்டாம் ஞாயிறு மதியம் பேரங்காடி வாகன நிறுத்தத்தில் நடக்கும் கார் கூட்டத்துக்கு அவளுடன் போனேன். அங்கே எல்லாரும் பானெட்டைத் திறந்து வைத்து ஒருவர் காரை ஒருவர் மட்டம் தட்டுவார்கள். ஒரு காவலர் வந்து ஒவ்வொரு காராகப் பதிவும் காப்பீடும் பார்த்தார். எங்களுடையது என் பெயரில் சரியாக இருந்தது. அவர் அடுத்த காருக்கு நகரும்போது ஃபியஸ்டா வைத்திருந்த ஒருவன் என்னிடம், "இதை ஓட்டுறது நீங்களா தாத்தா? உங்களை இதுலேருந்து இறக்கிவிட ரெண்டு பேர் வேணுமே" என்றான். கூட்டம் சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் ஏன்டா இதை ஓட்டணும்? எங்க பொண்ணு தினமும் வேலைக்கு எடுத்துட்டுப் போறா. பேரு மட்டும்தான் என்னது. பாதிக் காசுல காப்பீட்டை முடிச்சவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்" என்றேன்.

காவலர் திரும்பி வந்து, மறுபடி சொல்லச் சொன்னார். டாம்சின் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நான் மறுபடி சொன்னேன். இன்னும் சத்தமாகவே சொன்னேன்.

அதன்பின் காரைத் தூக்கிப்போனார்கள். காப்பீட்டு நிறுவனம் காப்பீட்டை ரத்து செய்தது. காப்பீடு இல்லாமல் ஓட்டியதற்கு உரிமத்தில் ஆறு தண்டனைப் புள்ளிகள் விழும் என்று டாம்சினுக்குக் கடிதம் வந்தது. அவளைப் போல உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு ஆறு விழுந்தால் உரிமமே போய்விடும். அவளை ஏமாற்றி ஓட்ட வைத்தார்கள் என்று நீதிமன்றம் நம்பினால் மட்டும் புள்ளிகளை விட்டுவிடலாம் என்று அவளுடைய வக்கீல் சொன்னார்.

அதன்பின் கார்த் என் வீட்டு வாசலுக்கு வந்து, "உன் வாயாலதான் என் பொண்ணு பொழப்பு போச்சு. அதே வாயால போய் உண்மையைச் சொல்லு" என்றான். நான் டாம்சினிடம் பேசப் போனேன். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். "சொல்லிட்டு வந்து பேசுங்க மாமா. கையெழுத்துப் போட்டுட்டு வாங்க" என்றாள்.

பொய்ப் படிவத்துக்காக என்மேல் வழக்கு வரலாம் என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் அதிகாரி எச்சரித்தார். வரட்டும், எழுதுங்கள் என்றேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது இதுதான். தங்கை வீட்டார் அனுப்பி வந்தேன், ஆனால் சொல் என்னுடையது.

(ஒப்பம்) ரா. ஹெப்வொர்த்