‘வெளங்கல’ என்று சொல்லத் துணிந்தவருக்கு

உப்புக் காற்றும் உழைப்பின் வியர்வையும் ஒருங்கே உலவும் தூத்துக்குடித் துறைமுகச் சாலையிலே, முப்பத்தொரு ஆண்டுகள் முகம் கோணாது முன்வாயில் காத்த மூத்தவரே! செம்மண் தேரி சூழ்ந்த சாத்தான்குளம் எங்களுக்குத் தந்த செம்மலே! கப்பல்கள் கொணர்ந்த கண்டெய்னர்கள் கணக்கின்றிக் கடந்து சென்ற வாயிலில், கடந்து செல்லும் மனிதரைக் கண் கொண்டு பார்த்த காவலரே! நீலத்திரை சரக்குப் பெட்டக நிலையத்தின் வாயில் பிரிவு மேற்பார்வையாளர், எங்கள் அன்புக்குரிய அண்ணாச்சி திரு. செ. சிவபாலன் அவர்களே! வணக்கம்.

‘மாற்றுத்திறனாளிகளின் தெய்வமே’ என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். எழுதிப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். தெய்வத்தோடு சண்டை போட முடியாது. உங்களோடு நான் நிறைய போட்டிருக்கிறேன்.

இந்தப் பணி நிறைவு வாழ்த்து மடலைப் பணியாளர்கள் நாற்பத்திரண்டு பேரின் சார்பில் எழுதியவள் எடைமேடைப் பிரிவின் ஜெமி. வாசிப்பவளும் நானே. பிறந்தபோதே வந்த பெருமூளை வாதத்தால் என் பேச்சு மெதுவாக வரும். சில சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவசரமுள்ளோர் வடையையும் காபியையும் இப்போதே எடுத்துக்கொள்ளலாம். நான் பாதியில் நின்றால், மீதியை யாரும் முடித்து வைக்க வேண்டாம்.

பெரியீர்! ஒரு நாளும் விடுப்பெடுக்காத உங்கள் ஒழுங்கையும், புயலெச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாள்களிலும் சாத்தான்குளத்திலிருந்து முதல் பேருந்தில் வந்திறங்கிய கடமையுணர்வையும், கண்டெய்னர் கதவின் சீல் எண் ஒன்று பிசகினாலும் ஒரு வண்டியையும் நகர விடாத நேர்மையையும் மேலாளர் அவர்கள் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். அவர்கள் பேசாத ஒன்றை நான் பேச வேண்டும். அது உங்கள் தவறு. அதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று சென்ற வாரம் உங்களிடம் கேட்டேன். “அத எழுதாம வேற என்னத்த எழுதப் போறீய?” என்றீர்கள்.

நான் இங்கே நேர்காணலுக்கு வந்தது இருபத்தாறு வயதில். நாசரேத்தில் ஆசிரியராக இருந்த என் அப்பா ஞானதீபம் உடன் வந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம், அன்று பெரிய மீசையோடு, நீங்கள். என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு அப்பாவைப் பார்த்து, “பாப்பா என்ன படிச்சிருக்கா?” என்று கேட்டீர்கள். வணிகவியல் முதுகலை என்று நான் சொன்னேன். நீங்கள் மறுபடியும் அப்பாவைப் பார்த்தீர்கள். “என்ன சொல்லுதா?” அப்பாவும் பழக்கத்தில் என் பதிலை அவரே சொன்னார். அன்று ஒரு மணி நேரம் என்னைப் பற்றி நீங்கள் இருவரும் பேசினீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கோப்பு அறையில் வேலை கிடைத்தது. நீங்கள் கடுமையாக ஒரு சொல்லும் சொன்னதில்லை. நான் எது சொன்னாலும் புன்னகையோடு தலையாட்டி, “சரிம்மா, சரிம்மா” என்பீர்கள். நல்ல மனிதரிடம் வந்து சேர்ந்தோம் என்றுதான் வீட்டில் சொன்னேன்.

அடுத்த ஆண்டு எடைமேடை இயக்குபவர் பணியிடம் காலியானது. விரும்புவோர் பெயரைப் பிரிவுத் தலைவரான நீங்கள்தான் அனுப்ப வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. திங்களன்று உங்களிடம் வந்து, என் பெயரை அனுப்புங்கள் என்றேன். “சரிம்மா.” புதனன்று நினைவூட்டினேன். “சரிம்மா.” வெள்ளிக்கிழமை காலையிலும் கேட்டேன். “எல்லாம் சரிம்மா, நீ போய் வேலையப் பாரு.”

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் வேறொருவர் பெயர் இருந்தது. அனுப்பப்பட்ட பெயர்களின் பட்டியலிலும் என் பெயர் இல்லை.

உங்கள் அறைக்கு வந்தேன். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். கோபத்தில் என் நாக்கு இன்னும் திருகிக்கொண்டது. சொல்லி முடிக்க வெகு நேரமானது. நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே புன்னகையோடு, “சரிம்மா” என்றீர்கள்.

மேசையிலிருந்த கேட் பாஸ் ஒன்றின் பின்புறத்தில் எழுதி உங்கள் முன் வைத்தேன்: ‘எது சரி? இப்போது நான் என்ன சொன்னேன்? சொல்லுங்கள் சார்.’

நீங்கள் அதைப் படித்தீர்கள். மறுபடியும் படித்தீர்கள். முப்பது டன் கண்டெய்னரைத் திருப்பியனுப்பும் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள்.

“வெளங்கலம்மா,” என்றீர்கள் கடைசியில். “இன்னைக்கும் வெளங்கல, அன்னைக்கும் வெளங்கல. திருப்பித் திருப்பிக் கேட்டா ஒனக்கு வருத்தமா இருக்குமேன்னு… இல்ல, எனக்குத்தான் சங்கடமா இருந்துச்சு. அதான் தலையாட்டிட்டேன்.”

“சங்கடம் ஒங்களுக்கு. வேல போனது எனக்குல்லா சார்,” என்றேன்.

அதுவும் உங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் இந்த முறை நீங்கள் தலையாட்டவில்லை. “வெளங்கல. இன்னொரு தடவ சொல்லுங்க” என்றீர்கள். சொன்னேன். “இன்னும் ஒரு தடவ.” சொன்னேன். மூன்றாவது முறை விளங்கியது. உங்கள் கண்கள் நிறைந்ததை நான் பார்த்தேன். அதைவிட, ‘சொல்லு’ அன்று ‘சொல்லுங்க’ ஆனதைக் கவனித்தேன்.

மறுநாள் காலை, அன்றைய மேலாளரிடம் உங்கள் கைப்படக் கடிதம் கொடுத்தீர்கள். பணியாளர் எல்லோரும் கூடியிருந்த இடத்திலும் அதையே சொன்னீர்கள். “தப்பு ஏம்மேல. அவங்க மூணு தடவ கேட்டாங்க. வெளங்கின மாதிரி நடிச்சிட்டேன்.” கண்டனக் குறிப்பு ஒன்று உங்கள் பணிப்பதிவேட்டில் ஏறியது. மாசற்ற பதிவேட்டில் ஒரே மாசு. பலர் அதை நீக்கக் கேட்டுப் பார்க்கச் சொன்னபோதும், கிடக்கட்டும் என்றீர்கள். எனக்கு அந்த வேலை உடனே கிடைத்துவிடவில்லை. இரண்டரை ஆண்டுகள் காத்திருந்தேன். அந்த இரண்டரை ஆண்டுகளை உங்களாலும் திருப்பித் தர முடியவில்லை. இதையும் எழுதச் சொன்னவர் நீங்கள்தான்.

ஆனால் அன்றிலிருந்து தேநீர் வேளையில் என் எதிரே வந்து அமர்ந்தீர்கள். பேசச் சொன்னீர்கள். எதைப் பற்றி என்றேன். “எதையாவது. எங் காது பழகணும்லா.” முதலில் என் வாக்கியங்களை நீங்களே முடித்துவைத்தீர்கள். ‘மழை’ என்று தொடங்கினால், “ஆமா, வரும்போலதான் இருக்கு” என்பீர்கள். நான் சொல்ல வந்ததோ மழைக்கோட்டு கிழிந்த கதை. நான் மேசையைத் தட்டுவேன். நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள். ஒன்றரை மாதத்தில் உங்கள் காது பழகிவிட்டது. உங்களைப் பார்த்து இன்னும் நாலு நாற்காலிகள் அந்த மேசைக்கு வந்தன. எனக்கு முதன்முதலாக அலுவலகத்தில் வம்பு பேச ஆள் கிடைத்தது. சிறிய பேறா அது!

நான் எடைமேடைக்குப் போன முதல் வாரம், நம் ஓட்டுநர் பெனிஸ்டன் ட்ரெய்லரை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு, நான் சன்னலருகே இருக்கும்போதே உங்களிடம் கேட்டார்: “அண்ணாச்சி, இந்தப் பொண்ணு என்ன சொல்லுது?”

“ஏலே பெனிஸ்டன், அவங்க இங்கனதான இருக்காங்க. எங்கிட்ட ஏன் கேக்க? அவங்ககிட்டயே கேளு.”

இன்று கடைசி வரிசையில் அமர்ந்து சிரிக்கும் பெனிஸ்டன், அதன்பின் என்னிடம்தான் கேட்கிறார். சில நாள் தேவைக்கு மேலும் கேட்கிறார்.

அடுத்து, தருவைகுளத்துச் சிலுவை அவர்களின் வருகை. சங்கு குளித்தவர். ஆழத்தின் அழுத்தம் முப்பது வயதில் அவருடைய இரு காதுகளையும் பறித்துக்கொண்டது. சீல் பரிசோதகர் வேலைக்கு அவர் வந்தபோது அக்காள் துணைக்கு வந்திருந்தார். நம் மேலாளர் டிக்சன் அவர்கள் அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தார்கள். சரக்கு தூக்கும் போர்க்லிஃப்ட் பின்னாலிருந்து வந்தால் என்னாகும் என்ற அவர்களுடைய கவலை நியாயமானதே. கேள்வியை அக்காளிடம் கேட்டார்கள்: “இவரு இங்க சமாளிப்பாராம்மா?”

“சார், அவர்ட்டயே கேப்பமே,” என்றீர்கள் நீங்கள். நல்லது. ஆனால் அடுத்த கணமே அவர் காதருகே போய், கோரம்பள்ளம் வரை கேட்கும்படி கத்தினீர்கள்.

சிலுவை ஓரடி பின்வாங்கினார். “சத்தம் போடாதீய அண்ணாச்சி. எனக்கு சத்தம் கேக்கல, ஒங்க மூஞ்சிதான் கோவமாத் தெரியுது. வெளிச்சத்துல நேரா நின்னு பையப் பேசுங்க. ஒதட்டப் பாத்துக்கிடுதேன்.”

நேராக நின்றீர்கள். மெதுவாகப் பேசினீர்கள். அவர் கூர்ந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “மீச மறைக்கி.”

அறையே சிரித்தது. நீங்களும் சிரித்துவிட்டு, கேள்வியைத் தாளில் எழுதினீர்கள்: ‘போர்க்லிஃப்ட் ஓடும் இடம். உங்களுக்கு எப்படி இருந்தால் வசதி?’ சமாளிப்பாரா என்று கேட்ட அறையில், எப்படி வசதி என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்.

சிலுவை அவர்கள் மேலாளரைப் பார்த்துச் சொன்ன பதில் எங்களுக்கு மனப்பாடம். “சார், கடலுக்கு உள்ள யார் பேச்சு யாருக்குக் கேக்கும்? அங்க கண்ணும் கயிறுந்தான். கண்ண வச்சே பதினாலு வருசம் உசுரோட ஏறி வந்திருக்கேன்.” பிறகு அதே தாளில் கண்டெய்னர் அடுக்கும் யார்டை வரைந்து, எந்தெந்த முனையில் வளைவுக் கண்ணாடி வேண்டும், போர்க்லிஃப்டின் விளக்கு எந்த உயரத்தில் சுழல வேண்டும், நடப்பவருக்கான மஞ்சள் கோடு எங்கே போக வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். அதை அப்படியே நிறைவேற்றிய பெருமை டிக்சன் அவர்களுடையது. காது கேட்கும் நாங்களும் அந்தக் கண்ணாடிகளைப் பார்த்துத்தான் இன்று நடக்கிறோம்.

மறுநாள் காலை வாயிலில் புதிதாக ஒருவர் வந்து நின்றார். காவலர் சிவப்பிரகாஷ் அடையாள அட்டை கேட்டார். அந்தப் புதியவர் நீங்கள்தான்!

இருபது வயதில் வைத்த மீசை. குலசேகரன்பட்டினத்துத் தசராவில் ஆண்டுதோறும் ராஜா வேடம் கட்டும்போது ஒட்டு மீசைக்காரர்களைப் பார்த்து நீங்கள் முறுக்கிக் காட்டிய சொந்த மீசை. அதைப் பொட்டென்று மழித்துவிட்டு வந்து நின்றீர்கள். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் துணைவியார் முருகேஸ்வரி அக்கா அதைப் பற்றிச் சொன்னதை அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன்: “என்னவும் சாவு விழுந்துட்டோன்னு தெருவுல ரெண்டு பேரு துக்கம் விசாரிக்க வந்துட்டாவ. இவுகட்ட கேட்டா, ஆபீசுல ஒருத்தருக்கு நான் பேசுதது தெரியணும்லான்னு சொல்லுதாக. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?”

சிலுவை அன்று உங்கள் முகத்தைப் பார்த்தார். “இப்ப தெளிவாத் தெரியுது அண்ணாச்சி,” என்று மட்டும் சொன்னார். பிறகு கண்டெய்னர்களுக்கு நடுவே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். காது போனபின் தனக்காக மற்றவர் கத்தினார்கள், ஒதுங்கினார்கள், அழுதார்கள். தன் வசதிக்காக இன்னொருவர் தம்மை மாற்றிக்கொண்டதைக் கண்டது அன்றுதான் என்று இம்மடலில் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன். அந்த ஆண்டு தசராவில் ராஜாவுக்கு ஒட்டு மீசைதான்.

செயலால் சிறந்த செம்மையாளரே! எங்களுக்கு நீங்கள் வகுப்பெடுத்ததில்லை. சுவரில் விதிகள் ஒட்டியதுமில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் வரும் சுங்க முகவரிடம் பேச நாங்களும் இன்று நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்கிறோம். அவர் கேட்காமல் அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளுவதில்லை. பார்வையற்ற ஒருவர் வாயிலுக்கு வந்தால் முதலில் எங்கள் பெயரைச் சொல்கிறோம். பிழை செய்தால் கேட்டுத் திருத்திக்கொள்கிறோம். பிழை இன்னும் செய்கிறோம் அண்ணாச்சி. சென்ற மாதம்கூட ஒரு விருந்தினரின் மெதுவான வேகத்துக்கு நானே பொறுமையிழந்தேன். நானே!

நிறைவாக ஒரு செய்தி. உங்கள் இடத்துக்கு யார் என்ற பேச்சு வந்தபோது நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள். டிக்சன் அவர்கள் ஒளிக்காமல் கேட்டார்கள்: “ஜெமி மைக்ல பேசினா வண்டிக்காரங்களுக்குப் புரியுமா அண்ணாச்சி?”

“புரியலன்னா திரும்பக் கேப்பாங்க சார். கேக்கதுக்கு என்ன? நானும் கேட்டேன்லா.”

டிக்சன் அவர்கள் உடனே என்னை அழைத்து, சம்மதமா, என்ன வசதி வேண்டும் என்று என்னிடமே கேட்டார்கள். மைக்கோடு ஒரு எழுத்துத் திரையும் வேண்டும் என்றேன். நேற்று மாட்டிவிட்டார்கள்.

அன்பரே! முருகேஸ்வரி அக்காவோடு, உடல் நலமும் உள்ள நிறைவும் ஓங்க, உப்புக் காற்று எட்டாத உங்கள் ஊரில் நெடுங்காலம் இனிது இருப்பீராக! பேரப்பிள்ளைகள் மழலை பேசும்போது, விளங்காததை விளங்கவில்லை என்றே சொல்லிக் கேட்டு மகிழ்வீராக! திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நீங்கள் சாத்தான்குளத்தில் நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருங்கள். இங்கே முதல் வண்டி வாயிலுக்கு வரும். நான் மைக்கில் பேசுவேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, “என்னது?” என்பார்.

நான் மறுபடியும் சொல்வேன்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
நீலத்திரை சரக்குப் பெட்டக நிலையப் பணியாளர்கள்,
தூத்துக்குடி.