ஆளில்லாத மூலை

"ஹலோ... ஆரு, சுதாகரனா?... சொல்லுங்க தம்பி. ரோட்டில மீன்காரன் ஹோனடிச்சுக்கொண்டு போறான், கொஞ்சம் பலமாக் கதைங்க... ஓம்... ஓம், ஓம்... என்ன?... வெண்டுட்டமா!"

கையில் இருந்த அகப்பையோடு புஸ்பம் முற்றத்துக்கே வந்துவிட்டாள். கல்லடியில் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஹோட்டல். அது தன் கக்கூஸ் தண்ணீரையெல்லாம் குழாய் வைத்து வாவிக்குள் விடத் தொடங்கியதிலிருந்து, அவளும் மீனவர் சங்கச் செயலாளர் சுதாகரனும் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. இந்தப் பொம்பிளைக்கு வேறு வேலையே இல்லையா என்று முகம் சுளிக்காத அதிகாரியும் இல்லை. கும்பிட்ட தெய்வம் இன்றைக்குத்தான் கண் திறந்திருக்கிறது, அதுவும் சோற்று நேரத்தில்.

"நம்மட துறையடியில இருந்து குழாயக் கழட்டுறாங்களாமா?... நாளைக்குக் கூட்டத்தில சொல்லப்போறாங்களா... அட என்ட பிள்ளையாரே! அண்டைக்கு அந்தக் கந்தோர்ப் பெரியவர் என்ன சொன்ன? 'எல்லாம் கடலுக்குப் போயிரும், கவலப்படாதங்க' எண்டு. மண் மூடி முகத்துவாரம் பூட்டிக் கிடந்தா எங்க போற? நம்மட வலைக்குள்ளதான் வாற... சிரிக்காதங்க தம்பி, புள்ளையளுக்குக் கால் முழுக்கச் சொறி... ஓம், ஏறாவூர் ஆயிஷா உம்மாட்டயும் சொல்லோணும். பாவம், அந்த மனிசி நமக்காக எவ்வளவு அலைஞ்ச..."

உள்ளே அவளுடைய தாய் சீதேவிப்பிள்ளை சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பீங்கான். தனக்கு, மகளுக்கு, பிறகு மூடி வைக்க ஒன்று. அது மகன் குகதாசனுக்கு. ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினையில் காணாமல் போனவன். என்றைக்கு வந்தாலும் பசியோடு இருக்கக்கூடாது என்பாள். பின்னேரமாகியும் வராவிட்டால் அந்தச் சோற்றைக் கொண்டுபோய் வேலியடியில் காகத்துக்கு வைப்பாள், வீணாகக்கூடாதே என்று சொல்லிக்கொண்டு.

"மறுகா, குழாய எங்க கொண்டுபோறாங்களாம்?... எங்க?... விளங்கல்ல தம்பி... கண்ணாக்காட்டு மூலைக்கா?"

அகப்பையிலிருந்து கொதி குழம்பு காலில் சொட்டியது. அவளுக்குச் சுடவில்லை.

"ஏன் அங்க?... இல்ல, கேக்குது, சொல்லுங்க... ஆளில்லாத இடமா?... ஆர் சொன்ன?... ஓம், வீடு வாசல் இல்லதான்... ஓம், அங்க ஆரும் வலையும் போடுறல்லதான்... எல்லாரும் சம்மதிச்சிற்றாங்களா... நான் மட்டும் ஓமெண்டாச் சரியா... தம்பி, கண்ணா மரம் பட்டுப்போகும். றால் குஞ்சு வளர்ற இடம்... சொல்லிப் பாத்தீங்களா?... வேற இடத்தில மரம் நட்டுத் தாறாங்களாமா..."

அதற்குமேல் அவளிடம் நியாயம் இல்லை. இருந்த ஒன்று ஊருக்குச் சொல்லக்கூடியதல்ல.

தொண்ணூறில் அவள் பள்ளிக்கூடம் போகிற வயது. விடியும் முன் அப்பா அவளை எழுப்பித் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒற்றை ஆளால் தூக்க முடியாது என்று மட்டும் சொன்னார். வாவிச் சேற்றில் பின்னி நிற்கும் கண்ணா வேர்களுக்குள் அண்ணன் செத்துக் கிடந்தான். வீட்டுக்குக் கொண்டுபோனால் வீட்டில் மிச்சமிருப்பவர்களுக்கும் அதே கதிதான். சேற்றைக் கையால் தோண்டி, அங்கேயே புதைத்து, தோணிக் கம்பைத் தலைமாட்டில் நட்டுவிட்டுத் திரும்பினார்கள். "கொம்மாக்குச் சொல்லிராத. அவ தாங்கமாட்டா" என்றார் அப்பா. அப்பா செத்த பிறகும் புஸ்பம் சொல்லவில்லை.

காற்று அந்த மூலையிலிருந்து வீசுகிற நாட்களில் அண்ணன் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவளுக்குக் கேட்கும். பேய் என்று அவள் பயந்ததில்லை. பதில் சொல்ல முடியவில்லையே என்பதுதான் பயம். மீனுக்கும் பிள்ளைகளுக்கும் என்றுதான் அவள் ஊரைத் திரட்டினாள். அது பொய்யில்லை. ஆனால் நாற்றத் தண்ணீர் ஒருநாள் அந்த மூலைக்கும் போய்ச் சேருமே என்று தூக்கமில்லாமல் கிடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது குழாயே நேராக அங்கே போகிறது. அவளுடைய வெற்றியாக.

"தம்பி... மெதுவாக் கதைங்க. ஒண்டு சொல்றன்... என்ட அண்ணன் அங்கதான் இரிக்கான்... இல்ல... இல்ல தம்பி, உசிரோட இல்ல... ஓம்... அப்பாவும் நானும்தான் வைச்ச... அவன்ட தலைக்கு மேல ஊரார்ர கக்கூஸ் தண்ணிய விடுங்க எண்டு நான் எப்பிடிச் சொல்ற?... லைன்ல இரிக்கிறீங்களா?... கூட்டத்தில சொல்லோணுமா... சொன்னாத்தான் நிப்பாட்டுவாங்க, தெரியும்... தெரியும் எண்டு சொல்றன்தானே! எழும்பிச் சொல்லிப்போட்டு வந்து அம்மாட மூஞ்சிய எப்பிடிப் பாக்கிற? அந்த மூடின பீங்கான நான் என்ன செய்ற?... தம்பி, வைக்கிறன்... அம்மா வாசல்ல நிக்கா... வைக்கிறன், வைக்கிறன்..."

வைக்க விடவில்லை. சீதேவிப்பிள்ளை வந்து போனை வாங்கிக்கொண்டாள். தலைகீழாகக் காதில் வைத்து, பிறகு திருப்பிப் பிடித்தாள்.

"ஹலோ... மனே, நான் புஸ்பத்துர தாய்... ஓம்... அழாத மனே. கேளு. நாளைக்குக் கூட்டத்துக்கு நான் வாறன்... தெரியும் மனே. எனக்கு எப்பவோ தெரியும்... அண்டைக்கு என்ட மனிசன்ட சாரத்தத் துவைச்ச ஆரு? நான்தானே. கண்ணாச் சேறு லேசில போற சேறா?... விடாமக் கேட்டன். சொல்லிற்றார். தனியத்தான் வைச்ச எண்டார். புஸ்பம் சின்னப்புள்ள, அவளுக்குத் தெரியவேணாம் எண்டார்... ஓம், ரெண்டு பேருக்கும் பொய் சொல்லியிரிக்கார், நல்ல மனிசன்..."

புஸ்பம் முற்றத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சோறா?... அது இவளுக்காகத்தான் மனே. அண்ணன் வருவான் எண்டு இவளாவது நம்பிக்கொண்டு இரிக்கட்டும் எண்டு... ஓம்... ஓம்... நீ காலம ஆட்டோ கொண்டா. கந்தோர்ல போய் நான் சொல்றன், அது ஆளில்லாத இடமில்ல, ஆள் இரிக்கு எண்டு... பேரா? குகதாசன்... கு... குகதாசன்... ஹலோ?... மனே?... ஹலோ?"

சார்ஜ் முடிந்து போன் அணைந்திருந்தது. சீதேவிப்பிள்ளை அதை மகளின் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். மூடியிருந்த பீங்கானைத் திறந்து எடுத்துக்கொண்டு வேலியடிக்கு வந்தாள். இன்னும் பின்னேரமாகவில்லை. சோறு ஆறவுமில்லை. இத்தனை வருஷமாகக் காகத்தைக் கூப்பிடாமலே வைத்துவிட்டு வந்தவள், அன்றைக்குத்தான் முதல்முறையாக, அயலெல்லாம் கேட்க, 'கா... கா...' என்று கூப்பிட்டாள்.